பாதியில் வந்தவன் கணக்கு

நான் இடக்கைக்காரன். எழுதுவது மட்டும் வலது கையில். அது ஆரம்பப் பள்ளி வாத்தியாரின் பிரம்பு செய்த காரியம். மற்றபடி தீக்குச்சி உரசுவது, கல்லெறிவது, நோட்டு எண்ணுவது எல்லாம் இடது கைதான். கொடைக்கானல் கிளைக்கு மாற்றலாகி வந்து கேஷ் கவுண்டரில் உட்கார்ந்த முதல் வாரத்தில், பூம்பாறைப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் நகைக்கடன் பணம் வாங்க வந்தார். எண்ணி முடித்து, கண்ணாடிக்கு அடியிலிருந்த இடைவெளி வழியாகக் கட்டை நீட்டினேன். அவர் கையை நீட்டவில்லை. “தம்பி, அந்தக் கையால வேணாம். சோத்துக்கையால குடுங்க” என்றார். குரலில் கோபம் இல்லை. வண்டிக்குக் குறுக்கே போகிறவனை ஒதுங்கச் சொல்கிற மாதிரி சொன்னார். நான் கை மாற்றி நீட்டியதும் கண்ணில் ஒற்றிக்கொண்டு வாங்கிப் போனார்.

நோட்டுகள் அதே நோட்டுகள். அவற்றை எண்ணியது இடது கை என்பதையும் அவர் பார்த்துக்கொண்டுதான் நின்றார். ஆக, இடது கை எண்ணலாம், கொடுக்கக் கூடாது. உழைப்பு அதனுடையதாக இருக்கலாம், பலன் போய்ச் சேருவது மட்டும் வேறு கை வழியாக இருக்க வேண்டும். அன்றிலிருந்து இன்றுவரை நான் இடது கையில் எண்ணி, வலது கைக்கு மாற்றி, அப்புறம்தான் கொடுக்கிறேன். ஒரு நாளைக்கு நூற்றைம்பது பேருக்காவது இப்படி. கவுண்டரில் நீதிசாஸ்திரம் பேசிக்கொண்டிருக்க முடியாது. பின்னால் வரிசை நிற்கிறது.

இடது கைக்கு நம்மிடத்தில் எப்போதுமே இந்தக் கதிதான். சாதிகளையே இடங்கை, வலங்கை என்று இரண்டாகப் பிரித்து, எந்தத் தெருவில் யார் ஊர்வலம் போவது என்று சோழர் காலத்துக்குப் பிறகும் பல நூற்றாண்டுகள், 17, 18-ஆம் நூற்றாண்டுச் சென்னைப்பட்டணம் வரை, அடித்துக்கொண்ட சமூகம் இது. இந்த மலைத்தொடருக்குப் பெயர் கொடுத்த பழனியில் நிற்கிற தண்டாயுதபாணியும் தண்டத்தை வலது கையில்தான் பிடித்திருக்கிறான். இடது கை இடுப்பில் சும்மா இருக்கிறது. ‘இடக்கு’ என்ற சொல்லுக்கு நாம் கொடுத்திருக்கிற அர்த்தம் எல்லோருக்கும் தெரிந்ததே.

இதெல்லாம் ஞாபகம் வந்ததற்குக் காரணம் ஒரு பையன். அமெரிக்கப் பாதிரிமார்கள் மதுரையின் வெயிலுக்கும் நோய்க்கும் தப்பி 1845-இல் வீடு கட்டிக் குடியேறியதில் உண்டான ஊர் கொடைக்கானல். 1901-இல் தங்கள் பிள்ளைகளுக்கென்று ஒரு பள்ளியும் தொடங்கினார்கள். பேரிக்காய், யூகலிப்டஸ், சர்ச் மணி என்று வெள்ளைக்காரர்கள் விட்டுப்போன சாமான்கள் ஊர் முழுக்கக் கிடக்கின்றன. அந்தச் சாமான்களில் ஒன்றாகவே எனக்குப் பட்டது, ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏரிச்சாலையை ஒட்டிய புல்வெளியில் இரண்டு உள்ளூர்ப் பையன்கள் தோல் கையுறை மாட்டிக்கொண்டு ஒரு பேஸ்பாலை எறிந்து பிடித்துக்கொண்டிருந்தது. ஒருவன் இடக்கைக்காரன். ஆனால் அவனிடம் இருந்த கையுறை வலது கையால் எறிகிறவனுக்காகத் தைத்தது, அதாவது இடது கையில் மாட்டிக்கொள்ள வேண்டியது. அவன் என்ன செய்தான் என்றால், கையுறையில் பந்தைப் பிடிப்பான். பந்தை வலது கையால் எடுத்துக்கொள்வான். கையுறையை உதறிக் கீழே போடுவான். பந்தை இடது கைக்கு மாற்றி எறிவான். மறுபடி குனிந்து கையுறையை மாட்டிக்கொள்வான். எதிரே நின்றவன் சலிக்காமல் காத்திருந்தான். கவுண்டரில் நான் செய்வதேதான்.

ரிங்கு சிங்கைப் பற்றி யோசிக்க ஆரம்பித்தது அன்றைக்குத்தான். இந்தப் பெயரைச் சொன்னதும் நண்பர்களுக்கு 2023-இல் கடைசி ஓவரில் ஐந்து சிக்ஸர் அடித்த கிரிக்கெட்காரர் ஞாபகத்துக்கு வருவார். அவரும் இடக்கை, அவரும் உத்தரப்பிரதேசம். நான் சொல்வது வேறொரு ரிங்கு சிங். கவிதையும் விமர்சனமும் வெளியிடுகிற ஒரு பத்திரிகையில் பந்து விளையாட்டுக்கு என்ன வேலை என்று கேட்கக்கூடியவர்களுக்கு: நம்மில் பலர் புரியாத பிரெஞ்சுக்காரர்களைப் பற்றி எழுதுகிறோம், நான் புரிந்த அளவுக்கு ஒரு விளையாட்டைப் பற்றி எழுதுகிறேன்.

பதோஹி மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் ஒரு லாரி ஓட்டுநரின் வீட்டில், ஒன்பது பிள்ளைகளில் ஒருவராக 1988-இல் பிறந்தவர் ரிங்கு சிங். ஈட்டி எறிவதில் ஜூனியர் தேசிய அளவில் பதக்கம் வாங்கியவர். 2008-இல் ஜே. பி. பெர்ன்ஸ்டீன் என்கிற அமெரிக்க ஏஜெண்ட், இந்தியாவில் கிரிக்கெட் பந்து வீசுகிற கோடிக்கணக்கான கைகளில் பேஸ்பாலுக்கு ஆகிற கை ஒன்றாவது கிடைக்காதா என்று ‘மில்லியன் டாலர் ஆர்ம்’ என்ற போட்டியை நடத்தினார். முப்பத்தேழாயிரம் பேருக்கு மேல் எறிந்து பார்த்தார்கள். தேறிய இருவரும் கிரிக்கெட்காரர்கள் அல்ல, இருவருமே ஈட்டிக்காரர்கள். மணிக்கு 87 மைல் வேகத்தில் எறிந்து ஒரு லட்சம் டாலர் வென்றார் ரிங்கு சிங். அதற்கு முன் பேஸ்பாலைத் தொட்டதில்லை. கூட வந்த தினேஷ் படேலோடு தென் கலிபோர்னியாவில் பயிற்சி; 2008 நவம்பரில் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் இருவரையும் ஒப்பந்தம் செய்தது. இதை வைத்து 2014-இல் டிஸ்னி ஒரு படம் எடுத்தது, இசை ஏ. ஆர். ரஹ்மான். கல்யாணத்தோடு முடிந்துவிடுகிற தமிழ்ப் படம் மாதிரி அது ஒப்பந்தத்தோடு முடிந்துவிடுகிறது. வாழ்க்கை என்னவோ அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது. சினிமாவுக்கு அது தேவையில்லை.

பைரேட்ஸ் அவரை ரிலீஃப் பிட்சராக்கியது. இதைத் தமிழில் எப்படிச் சொல்வது? ‘மாற்று வீச்சாளர்’ என்றால் பாதிதான் வருகிறது. ‘ரிலீஃப்’ என்பதில் மாற்றுவதும் உண்டு, ஆசுவாசமும் உண்டு, வெள்ள நிவாரணமும் உண்டு. முதல் வீச்சாளன் களைத்துப் போன பிறகோ, அடி வாங்கத் தொடங்கிய பிறகோ, கெட்டுப்போன ஆட்டத்தைக் கையில் கொடுத்து அனுப்பப்படுகிறவன். ஒருமுறை வெளியே போனவன் அந்த ஆட்டத்துக்குள் திரும்ப முடியாது. ஆகவே வருகிறவனுக்கும் போகிறவனுக்கும் இடையில் மேட்டின் மேல் பந்து கைமாறுகிற அந்தச் சில வினாடிகள்தான் உறவு. வங்கியில் எங்களுக்கும் இதே சொல்தான்: ரிலீவர். யாரோ ஒருவர் லீவில் போனால் வத்தலக்குண்டுக்கோ ஒட்டன்சத்திரத்துக்கோ அனுப்பப்படுகிறவன். முதல் ஐந்து வருஷம் நான் அதுவாகத்தான் இருந்தேன். அடுத்தவர் மேஜை, அடுத்தவர் இழுப்பறை, அடுத்தவர் பாதியில் எழுதி வைத்த பேரேடு.

2009 ஜூலை 4-ஆம் தேதி ரிங்கு சிங் முதல்முறையாகத் தொழில்முறை ஆட்டத்தில் வீசினார். அந்த ஸீஸன் முடிவில் ஒரு வெற்றி, இரண்டு தோல்வி, சராசரி 5.84. சராசரி என்பது ஒன்பது இன்னிங்ஸுக்கு ஒரு வீச்சாளர் எத்தனை ஓட்டம் கொடுத்திருக்கிறார் என்ற கணக்கு, குறைந்தால் நல்லது. 2010 முடிவில் தினேஷ் படேல் விடுவிக்கப்பட்டு ஊர் திரும்பிவிட்டார். ரிங்கு சிங் ஒவ்வொரு படியாக மேலேறி 2012-இல் மேற்கு வர்ஜீனியா அணிக்கு 39 ஆட்டங்களில் 72 இன்னிங்ஸ் வீசினார், சராசரி 3.00. அதாவது 24 ஓட்டங்கள். (குமாஸ்தா புத்தி, பெருக்கி வகுத்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.) உச்சமான மேஜர் லீகுக்கு இன்னும் மூன்று நான்கு படிகள் இருந்தன. 2013-லிருந்து முழு ஸீஸன்களைக் காயங்கள் தின்றன. முழங்கையில் அறுவை சிகிச்சை. 2018 ஜனவரியில் அவர் மல்யுத்தக் காட்சி நடத்துகிற டபிள்யூ. டபிள்யூ. இ. நிறுவனத்தில் சேர்ந்தார். வீர் மஹான் என்று பெயர், நெற்றியில் திருநீறு. அந்தப் பகுதி எனக்குப் பிடிபடவில்லை, தாண்டிப் போகிறேன்.

அந்த 24 ஓட்டங்களுக்கு வருகிறேன். என் விஷயம் அதில்தான் இருக்கிறது.

பேஸ்பாலில் அடித்தவன் நேரே ஓட்டம் எடுத்துவிடுவதில்லை. முதல், இரண்டாம், மூன்றாம் தளங்களில் நின்று நின்று, பிறகு வருகிறவர்களின் அடியில் வீடு திரும்ப வேண்டும். எனவே வீச்சாளன் மாற்றப்படும்போது தளங்களில் எதிரணிக்காரர்கள் நின்றுகொண்டிருக்கலாம். புதிதாக வருகிறவன் அவர்களை நிற்க வைத்தவனல்ல. அவர்களுக்குப் பெயரே ‘இன்ஹெரிட்டட் ரன்னர்ஸ்’. பிதுரார்ஜித ஓட்டக்காரர்கள் என்று வைத்துக்கொள்ளலாம். இவர்கள் வீடு சேர்ந்தால் அந்த ஓட்டம் யார் கணக்கில்? விதி சந்தேகமில்லாமல் சொல்கிறது: நிற்க வைத்துவிட்டுப் போனவன் கணக்கில். அவன் ஒதுங்கிய கூடாரத்தில் உட்கார்ந்து, தான் ஆடாத ஆட்டத்தில் தன் பெயரில் பற்று எழுதப்படுவதைப் பார்த்துக்கொண்டிருப்பான். அடி வாங்கியது புதியவனின் பந்து. ஆனால் அவன் ஏட்டில் கறை இல்லை. வெற்றியிலும் இதே விநோதம். மூன்றே பந்து வீசியவன், அந்தச் சமயத்தில் தன் அணி முந்திவிட்டால், வெற்றியாளன் என்று எழுதப்படலாம்.

ஆகவே ரிங்கு சிங்கின் 24-இல், அவர் வீசி உள்ளே விட்ட அடுத்தவர்களின் ஓட்டங்கள் இல்லை. அவர் நிற்க வைத்துவிட்டுப் போய், அவருக்குப் பின் வந்தவன் உள்ளே விட்டவை இருந்தால் இருக்கும். ஒரு மனிதனின் பெயருக்கு நேரே இருக்கிற எண், அவன் செய்ததன் எண் அல்ல. புள்ளிவிவரக்காரர்களுக்கே இது உறுத்திப் பின்னால் பிதுரார்ஜிதங்களுக்கென்று தனிப் பத்தி போட்டார்கள். பத்தியைக் கூட்டினால் நீதி கூடிவிடும் என்ற நம்பிக்கை அமெரிக்கர்களுக்கு மட்டும் உரியதல்ல, எங்கள் தலைமை அலுவலகத்துக்கும் உண்டு.

இதற்கு நேர் எதிரான விதி என் தொழிலில் இருக்கிறது. பாதி நாளில் கேஷை மாற்றி வாங்கிக்கொண்டால், வாங்குகிறவன் எண்ணிக் கையெழுத்துப் போட வேண்டும். போட்ட கணத்திலிருந்து உள்ளே இருப்பது முழுவதும் அவனுடையது. முன்னால் இருந்தவன் விட்ட பிழையும் அவனுடையது. இங்கே பிதுரார்ஜிதம் என்று எதுவும் கிடையாது. எல்லாம் சுயார்ஜிதம்.

போன மார்கழியில் ஒருநாள், கேஷில் இருந்தவர் என்னைவிடச் சில வருஷம் சீனியர், அவருக்குப் பன்னிரண்டு மணி சுமாருக்கு வத்தலக்குண்டிலிருந்து போன் வந்தது. அப்பா விழுந்துவிட்டார். முகம் வெளுத்துப் போயிற்று. சாவியை என்னிடம் கொடுத்து, “எண்ணி வாங்கிக்கப்பா” என்றார். பன்னிரண்டரை பஸ்ஸை விட்டால் அடுத்தது எப்போதென்று தெரியாது. மலையிறங்க இரண்டு மணி நேரத்துக்கு மேல். “நீங்க போங்க சார், நான் பாத்துக்கிறேன்” என்று எண்ணாமலே கையெழுத்துப் போட்டேன். அந்த நிமிஷத்தில் எண்ணுவது அநாகரிகமாகப் பட்டது. சாயங்காலம் ஐந்நூறு ரூபாய் நோட்டில் நான்கு குறைந்தது. இரண்டாயிரம். மூன்று தடவை எண்ணினேன். பிறகு ஏ.டி.எம்.முக்குப் போய் எடுத்து வந்து வைத்தேன். ஏடு சரியாகிவிட்டது, ஏட்டைப் பொறுத்தவரை அன்று எதுவும் நடக்கவில்லை. அவருடைய அப்பா அன்று இரவு இறந்துபோனார்.

பணத்தைக் கட்டியது நான். ஆனால் மனசுக்குள் நான் பேஸ்பால் விதியைத்தான் கைக்கொண்டேன். ஓட்டக்காரனை நிற்க வைத்தது அவர், ஆகவே ஓட்டம் அவர் கணக்கில். துக்கம் கேட்கப் போனபோது, அவர் அம்மாவின் எதிரில் தரையில் உட்கார்ந்திருந்தபோதுகூட இந்த இரண்டாயிரம் எனக்குள் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தது. இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனால் இதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்வது வெறும் பேச்சு. அதைவிட மோசம், கவுண்டரில் அன்று மத்தியானம் எண்பது பேருக்காவது நான் பணம் கொடுத்திருக்கிறேன், ஒவ்வொரு தடவையும் இடமிருந்து வலத்துக்குக் கை மாற்றி. அந்த மாற்றலில் நாலு நோட்டு ஒட்டிக்கொண்டு கூடுதலாகப் போயிருக்கலாம். அப்படியானால் அது யார் கணக்கு? என்னுடையதா, சோத்துக்கையால் கேட்ட பூம்பாறைப் பெரியவருடையதா, பள்ளிக்கூட வாத்தியாருடையதா, அவருக்கும் முன்னால் எந்தக் காலத்திலோ எந்தக் கை அசுத்தம் என்று தீர்மானித்தவனுடையதா?

இப்படிப் பின்னால் பின்னால் போவதற்கு நம்மிடம் ஒரு பெரிய காவியமே இருக்கிறது. கோவலன் கொல்லப்பட்டதற்கு என்ன காரணம்? மதுரை எரிந்த பிறகு மதுராபதித் தெய்வம் கண்ணகிக்குப் பின்னால் வந்து ஒரு கணக்கை விளக்குகிறது. முற்பிறப்பில் கோவலன் பரதன் என்ற பெயரில் சிங்கபுரத்தில் இருந்தான். சங்கமன் என்ற வணிகனை ஒற்றன் என்று காட்டிக்கொடுத்துக் கொல்ல வைத்தான். சங்கமனின் மனைவி நீலி பதினான்கு நாள் அலைந்து, மலையுச்சியிலிருந்து விழுந்து சாகுமுன் சாபமிட்டாள். இந்த விளக்கம் எனக்கு எப்போதுமே காவியத்தின் பலவீனமான இடமாகப் பட்டிருக்கிறது. பேராசிரியர்கள் இதை ‘ஊழ்’ என்று ஒரு தலைப்பில் போட்டுத் தேர்வுக்குக் கேட்பார்கள். பேஸ்பால் வழியாகத் திரும்பி வந்தபோது இது வேறு மாதிரி தெரிந்தது. தெய்வத்தின் விதி என்னவென்றால், பரதனும் கோவலனும் ஒரே வீச்சாளன். மாற்றமே நடக்கவில்லை. நிற்க வைத்தவனும் உள்ளே விட்டவனும் ஒருவனே, ஆகவே அநீதி என்று எதுவும் இல்லை. ஊழ் என்பது பிதுரார்ஜித ஓட்டக்காரர்களே இல்லாத ஒரு ஆட்டம். என் வங்கியைப் போல.

ஆனால் அதே காவியத்தில், தெய்வம் வந்து கணக்குச் சொல்வதற்கு முன்பே, இன்னொருவன் தன் கணக்கைத் தானே எழுதிவிட்டுச் செத்துப்போகிறான். பாண்டியனுக்குக் கிடைத்தது பாதி ஆட்டம்தான். பொய்யைக் கட்டிக்கொண்டு வந்து நிறுத்தியது பொற்கொல்லன். அரசன் சொன்னது ஒரு அவசர வார்த்தை. அமெரிக்க ஸ்கோரர் இருந்தால் பெரும்பகுதியைப் பொற்கொல்லன் பெயருக்கு எழுதியிருப்பான். பாண்டியன் அப்படிக் கேட்கவில்லை. கண்ணகியின் சிலம்பு உடைந்து மாணிக்கப் பரல் தெறித்ததும் விசாரணை எதுவும் வைக்காமல், யார் எத்தனை பங்கு என்று பிரிக்காமல், கள்வன் தான்தான் என்று முழுவதையும் எடுத்துக்கொண்டான். அது சட்டப்படி சரியா என்றால் சரியில்லை. பொற்கொல்லன் அந்த நிமிஷம் தப்பித்துக்கூட விடுகிறான். இருந்தும் அந்த மண்டபத்தில் நடந்ததில் அரசனுடைய அந்தச் செயல் ஒன்றுதான் எனக்கு முழுமையான மனிதச் செயலாகப் படுகிறது. கண்ணகி எறிந்தது இடது முலை என்பதை இந்தக் கட்டுரையில் சேர்த்துக்கொள்ள ஆசையாக இருக்கிறது. ஆனால் பொருத்தம் எல்லாம் அர்த்தமாகிவிடாது.

கடனைப் பற்றி இவ்வளவு கறாராகப் பேசுகிற நாம், பிதுரார்ஜிதமாக வந்த வரவைப் பற்றி அப்படிப் பேசுவதில்லை. ரிங்கு சிங்கின் இடது கை அவர் சம்பாதித்ததா? பத்துப் பேரில் ஒருவருக்குத்தான் இடக்கைப் பழக்கம். பேஸ்பால் வீச்சாளர்களில் ஏறக்குறையக் கால்பங்கு இடக்கைக்காரர்கள். காரணம் எளியது. இடக்கை மட்டையாளர்கள் இடக்கைப் பந்தை அதிகம் பார்த்ததில்லை; அது அவர்களை விட்டு விலகி விலகிப் போகும். நெடுங்காலம் ஒரே ஒரு இடக்கை மட்டையாளனுக்காக ஒரு இடக்கை ரிலீஃபை இறக்கி, நாலு பந்து போட வைத்து, உடனே வெளியே அனுப்புவார்கள். அதுவே சிலருக்குப் பத்துப் பதினைந்து வருஷ உத்தியோகம். 2020-இல் மேஜர் லீக் ஒரு விதி போட்டது: இறங்குகிறவன் குறைந்தது மூன்று பேருக்காவது வீச வேண்டும், இல்லாவிட்டால் அந்த இன்னிங்ஸை முடிக்க வேண்டும். ஒரு தொழிலே அதோடு போயிற்று. கைகள் அப்படியேதான் இருந்தன. பூம்பாறை விதிப்படி பூஜ்யம், 2008-இன் விதிப்படி லட்சம் டாலர், 2020-க்குப் பிறகு வேறு விலை.

ஜான் ராவ்ல்ஸ் 1971-இல் வெளிவந்த தம் நீதிக் கோட்பாட்டு நூலில், பிறவித் திறமைகளுக்கு எவனும் தகுதியுள்ளவனல்ல, அவை தற்செயலாக விழுந்தவை என்று வாதிட்டார். ராபர்ட் நோஸிக் 1974-இல் பதில் எழுதினார்; கூடைப்பந்து வீரர் வில்ட் சேம்பர்லைனை உதாரணமாக வைத்து, ஜனங்கள் மனமுவந்து கொடுத்த காசு அவனுடையதுதானே என்று கேட்டார். இந்தச் சண்டையில் நான் ராவ்ல்ஸ் பக்கம். அவர் பேஸ்பால் பைத்தியம் என்பதும், விளையாட்டுகளில் அது ஏன் சிறந்தது என்று 1981-இல் ஒரு நண்பருக்கு நீண்ட கடிதம் எழுதினார் என்பதும் காரணமல்ல. ஆனால் ராவ்ல்ஸை முழுக்க ஒப்புக்கொண்டாலும் ஒன்று இடிக்கிறது. அந்தக் கை ரிங்கு சிங்கின் தகுதியால் வந்ததல்ல என்றால், அந்த முழங்கை கிழிந்ததும் அவர் குற்றத்தால் அல்ல. சரி. வரவும் அவருடையதல்ல, இழப்பும் அவருடையதல்ல. அப்படியானால் ஆட்டமில்லாமல் காயத்தோடு வருஷங்களைக் கழித்தது யார்? எழுத்து விலக்கிவிட்ட கணக்கிலும் வலி ஒருவன் பெயரிலேயே நிற்கிறது.

முழங்கையில் செய்த அந்த அறுவைக்கு டாமி ஜான் சிகிச்சை என்று பெயர். அவரும் ஒரு இடக்கை வீச்சாளர்தான். 1974 செப்டம்பரில் டாக்டர் ஃபிராங்க் ஜோப் அவருடைய வலது முன்கையிலிருந்து ஒரு தசைநாரை எடுத்து இடது முழங்கையில் கட்டினார். அதற்கு முன் 124 வெற்றிகள் பெற்றிருந்த ஜான், அதற்குப் பின் 164 பெற்றார். அந்த 164 எந்தக் கையின் கணக்கு? கேள்வி விளையாட்டுத்தனமாகத் தோன்றலாம். பூம்பாறைப் பெரியவரிடம் கேட்டால் உடனே பதில் சொல்லிவிடுவார்.

அதே 1974-இன் நவம்பரில் பெங்களூரில், வெஸ்ட் இண்டீஸுக்கு எதிரான டெஸ்டில் பிஷன் சிங் பேடி சேர்க்கப்படவில்லை. அவர் இருந்த காரணத்தினாலேயே வருஷக்கணக்கில் வெளியில் நின்ற இடக்கைச் சுழல்பந்துக்காரர் ராஜிந்தர் கோயல் அழைக்கப்பட்டார். பெங்களூர் வரை வந்தார். பதினொருவரில் சேர்க்கப்படவில்லை. ரஞ்சிக் கோப்பையில் 637 விக்கெட் எடுத்து, 2020-இல் காலமாகிறவரை, ஒரு டெஸ்ட்டும் ஆடவில்லை. பாதி ஆட்டம்கூடக் கொடுக்கப்படாதவர். நம் சின்னப்பம்பட்டி நடராஜனுக்கோ 2021 ஜனவரியில் பிரிஸ்பேனில் அது கொடுக்கப்பட்டது. வலைப் பயிற்சிக்குப் பந்து போடப் போனவர், ஒவ்வொருவராகக் காயம்பட்டு விழ, டெஸ்டில் இறங்கினார், மூன்று விக்கெட் எடுத்தார். சில மாதங்களில் முழங்காலில் அறுவை. அடுத்தவன் காயத்தில் உள்ளே வந்து தன் காயத்தில் வெளியே போவது. கோயலைவிட நடராஜன் தகுதியுள்ளவரா என்ற கேள்வியை யாராவது கேட்டால், அவர்களோடு டீ குடிப்பதை நான் நிறுத்திவிடுவேன்.

சீனியர் காரியமெல்லாம் முடிந்து பதினேழாம் நாள் வேலைக்கு வந்தார். மொட்டைத் தலை, சட்டைக்குள் சின்னதாகிப் போன மாதிரி உடம்பு. காலையில் கேஷைத் திறக்குமுன் என் பக்கத்தில் வந்து நின்றார்.

“அன்னிக்கி கேஷ் டேலி ஆச்சுல்ல?”

நான் பதில் சொல்வதற்கு முன்னாலேயே அவர் தொடர்ந்தார். “போற அவசரத்துல ஒரு ஐந்நூறு கட்டை மிஷின்ல போடாமலே உள்ள வெச்சேனோன்னு ஒரு சந்தேகம். பஸ்ல போறப்ப பூரா அதுதான் ஓடிக்கிட்டிருந்துச்சு. அப்பா மூஞ்சியக்கூட சரியா நெனச்சுப் பாக்க முடியல. நீ வேற எண்ணாம வாங்கிட்டியா...”

“டேலி ஆச்சு சார்” என்றேன்.

“நல்லாப் பாத்தியா?”

“மூணு தடவை எண்ணினேன்.”

அவர் தலையை ஆட்டிவிட்டுச் சாவியை நீட்டினார். அன்றைக்கு கேஷ் என் முறை. வெளியே பனி இறங்கியிருந்தது. பூம்பாறை பஸ் வந்து ஆட்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள்.